ஐம்பத்தேழு ஜிபி

திங்கட்கிழமை மாலை 4.15 மணிக்கு, மூன்று வருடத்து மாப்பிள்ளைகளையும் மணப்பெண்களையும் நான் இரண்டே விரல்களால் ஒழித்தேன். ஒரு விரல் ஷிப்டில், இன்னொன்று டெலீட்டில். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. என்னிடம் இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் எதையும் கேட்பதில்லை. சந்தோஷத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டேன்.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். வருடம் 2011. திங்கள்சந்தையில் 'ஜெபா டிஜிட்டல்' ஸ்டுடியோவின் முதலாளி, போட்டோகிராபர், கூட்டிப் பெருக்குபவன் மூன்றும் ஜெபசீலனாகிய நானே. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியது. எட்டு ஜிபிதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், வீடியோவும் சேர்த்து நாற்பத்தாறு ஜிபி, கேமராவுக்குள் காத்துக் கிடந்தது. எதையாவது வெளியேற்றியாக வேண்டும். '2008-2010 ஒரிஜினல்' என்ற ஃபோல்டர் கண்ணில் பட்டது. அறுபது ஜிபி. கேமராவிலிருந்து வந்தபடியே கிடக்கும், கை வைக்காத படங்கள். ஆல்பம் வாங்கிப் போனவர்களுக்குப் பிள்ளைகளே பிறந்துவிட்டன. கை வைக்காத முகத்தை இனி எவன் கேட்டு வரப் போகிறான்?

மேலும், திருத்திய பிஎஸ்டி ஃபைல்கள் இருந்தன, ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றாக. ஃபோட்டோஷாப்பில் அசல் படம் அடியில் ஓர் அடுக்காகக் கிடக்கும். அதன்மேல் அடுக்கு அடுக்காக வைத்து முகத்தை வெளுப்போம், பருவை எடுப்போம், வானத்தை மாற்றுவோம். அதனால்தான் ஒரு பக்கம் நானூறு எம்பிக்கு மேல் வீங்கியிருக்கும். ஒரிஜினல் போனாலும் பிஎஸ்டியின் அடியில் எல்லோரும் பத்திரம் என்பது என் கணிப்பு.

அழித்தேன். புதுக் கல்யாணத்தைக் கொட்டினேன். இருபத்திரண்டு ஜிபி மிச்சம் காட்டியது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

புதன்கிழமை காலை 9.40. லிஜி வந்தாள்.

கடியபட்டணத்துக்காரி. 2009 ஜனவரியில் அவளுக்கும் கபிரியேலுக்கும் கல்யாணப் படம் எடுத்தவன் நான். கூடவே கபிரியேலின் அண்ணன் சிலுவைதாசன் வந்திருந்தார். லிஜியின் கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு பிரிண்ட். தலை முழுக்கக் கட்டுப் போட்ட ஒருவன். வீங்கி மூடிய கண்கள், வாயில் குழாய். அடையாளமாக வெளியே தெரிந்தது இடது காது மட்டும். அதன் மேல்விளிம்பு இரண்டாகப் பிளந்து ஆறியிருந்தது.

சிலுவைதாசன்தான் பேசினார். வளைகுடாவில் கபிரியேலையும் சேர்த்து ஐந்து பேர் போன மீன்பிடி போட்டைக் கப்பல் இடித்துவிட்டது. ஆறு நாளாகிறது. ஒருவனைத்தான் தூக்கியிருக்கிறார்கள். அவனுக்கு நினைவு இல்லை. பேப்பர்கள் கடலில்.

"இது எனக்க தம்பியாக்கும். சின்னதுல தூண்டில் முள்ளு கிழிச்ச காது."

"பின்ன அதை அங்க சொல்லப்பிடாதா?"

"சொன்னோம்வே. அங்க உள்ள ஆபீசரு பாஸ்போட்டு படத்தைப் பாத்துட்டு, ஒங்க ஆளுக்கு ரெண்டு காதும் முழுசா இருக்குங்கான். முட்டத்துக்காரன் பிபினும் அதே போட்டுலதான் இருந்தான். அவனுக்க அம்மை, இது எனக்க மவன், அங்க போன பெறவு காது கிழிஞ்சிருக்கும்னு மனு குடுத்திருக்கா. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள கிழிஞ்ச காதோட பழைய படம் வல்லேன்னா பிபினுக்க பேரை எழுதிருவானாம். எழுதிட்டா கபிரியேலு செத்தவன் லிஸ்டுல போயிருவான்."

அந்தப் பாஸ்போர்ட் படத்தை எடுத்தது நான். வலது காதை நகலெடுத்து, கவிழ்த்து, இடது பக்கம் ஒட்டியதும் நான். அவன் கேட்கவில்லை, நான் செய்த இலவச உபகாரம்.

லிஜி அழவில்லை. தன் இடது காதை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் காது ஒங்ககிட்ட இருக்கா அண்ணா?" என்றாள்.

பிரிண்டை என் டிசைனர் பூங்கனி வாங்கிப் பார்த்தாள். அம்மாண்டிவிளைக்காரி, இருபத்தெட்டு வயது, மூன்று வருடமாக என்னிடம் வேலை. கபிரியேல் கல்யாண ஆல்பம் முப்பது பக்கத்திலும் காதைத் தைத்து மூடியவள் அவள்தான். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"மத்தவங்க ஒருத்தரும் உயிரோட இல்லியா?"

"தேடுதானுவ," என்றார் சிலுவைதாசன்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "காது இருக்கு. பிஎஸ்டியைத் தெறந்தா அடியில கெடக்கும். அஞ்சே நிமிசம்."

9.58க்கு உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கரண்ட் போனது. தினமும் இரண்டு மணிநேரம் போகிற காலம். யூபிஎஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அதன்மேல் நாங்கள் டீ கிளாஸ் வைப்போம்.

சும்மா இருக்க முடியவில்லை. சிலுவைதாசனைக் கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, லிஜியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கடியபட்டணம் போனேன். வீட்டில் எங்காவது கை வைக்காத படம் ஒன்று இருக்காதா? அலமாரி, பெட்டி, பைபிளின் உள்பக்கம், எல்லாம் கவிழ்த்தோம். காதை மறைக்க முடி வளர்த்தவன் அவன். கேமராவைக் கண்டால் வலது பக்கத்தை மட்டும் காட்டுவானாம். மிச்சம் இருந்தது சுவர். சுவர் முழுக்க என் கைவேலை. ஏழு கபிரியேல்கள், பதினான்கு முழுக் காதுகள்.

"நல்லா இருக்குன்னு நாங்களும் சொன்னோம் அண்ணா," என்றாள் லிஜி. அவள் திட்டியிருக்கலாம்.

பகல் 1.40. கடைக்குத் திரும்பினோம். பெஞ்சில் சிலுவைதாசன் தலை சாய்த்திருந்தார். பூங்கனி உள்ளே பிரேமுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் 2002 ஜனவரி 1, அதிகாலை 1.35 என்று காட்டியது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து வருடமாகிறது. கரண்ட் போனால் 2002க்குப் போய்விடும். திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும்; அழுத்தினால் 2002 புத்தாண்டு நள்ளிரவிலிருந்து மணி ஓடத் தொடங்கும். முதலில் உட்காருகிறவர் தேதியைத் திருத்துவது எங்கள் வழக்கம். திருத்தினேன். டிஸ்கில் முப்பத்துநான்கு ஜிபி காலி என்று காட்டியது. கஷ்டத்தில் கர்த்தர் கொஞ்சம் இடம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குப் புத்திசாலி நான்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். அடியில் அடுக்கு இல்லை. மேலேயும் இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்தி ஒரே தாளாக்கியிருந்தது. நானூற்று நாற்பது எம்பி இருக்க வேண்டிய பக்கம் நாற்பதாகச் சுருங்கிக் கிடந்தது. இரண்டாவது பக்கமும் அப்படியே. முப்பதும் அப்படியே. முப்பதிலும் கபிரியேல் அழகான முழுக் காதுடன் சிரித்தான்.

அழித்த படங்களை மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். இருபது நிமிடம் கழித்து ஒரு மணப்பெண்ணின் நெற்றி வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறம். அந்த இடத்தில்தான் நான் புதுக் கல்யாணத்தைக் கொட்டியிருந்தேனே.

லிஜி என் முகத்தைப் பார்த்தாள். நான் மைனிக்குப் போன் போட்டேன்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி லீலாபாய். ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக ரெக்கார்டு ரூம் அவள் பொறுப்பு. நோயாளிகளின் ஃபைல் ஒரு லட்சம் இருக்கும். தொலைந்ததைக் கண்டுபிடிப்பதில் சூரி. ஒரே குறை, எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள்.

பிற்பகல் 2.50. வந்தாள். குடையை மடக்கிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"மைனி, கண்டுபிடிச்சிரலாமா?"

"நீ மத்தியானம் சாப்பிட்டியா?"

பார்த்தீர்களா?

அவள் வருமுன் நானே குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். கரண்ட் வந்தபோது கடையில் இருந்தவர் சிலுவைதாசன். அண்ணனுக்கும் தம்பிக்கும் மனைத் தகராறு என்பது ஊருக்கே தெரியும். இதை நான் மெதுவாகத்தான் மைனியிடம் சொன்னேன். என் மெதுவு வாசல்வரை கேட்கும்.

சிலுவைதாசன் எழுந்து வந்தார். "ஓய், மண்ணுக்கு சண்டை போட்டேன், உள்ளதுதான். அதுக்கு எனக்க கூடப்பொறந்தவனை நானே சாவக் குடுப்பேனோ? நானும் கடல்ல போறவனாக்கும்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. துண்டும் இல்லை.

"கரண்டு வந்ததைப் பாத்தியளா?" மைனி அவரிடம் கேட்டாள்.

"ஃபேன் சுத்துச்சு. ராத்திரி ஒறக்கம் இல்லாததுனால கண்ணசந்துட்டேன்."

"பிள்ளே, நீ?"

"பன்னெண்டு மணிக்குச் சாப்பிடப் போயிட்டேன் அக்கா. ஒரு மணிக்குத்தான் வந்தேன்." பூங்கனி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

மைனி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஏலே ஜெபா, இந்த முப்பது ஃபைலையும் கடைசியா எப்ப சேவ் பண்ணினதுன்னு காட்டும்லா? வாசி."

"அது பழைய தேதி மைனி. 2002 ஜனவரி ஒண்ணு. முதல் பக்கம் 12.14. கடைசிப் பக்கம் 12.56. நள்ளிரவு."

"கபிரியேலு கல்யாணம் என்னைக்கு?"

"2009."

"நீ 2002-ல என்ன செஞ்சுட்டிருந்தே?"

"சர்ச்சில கீபோர்டு வாசிச்சிட்டிருந்தேன்."

"மாப்பிள பொண்ணை ஏழு வருசம் முன்னாலயே எடுத்து எடிட் பண்ணியும் வச்சிட்டியா? கொள்ளாமே."

எனக்கு உறைக்கத் தொடங்கியது. மைனி என் பேனாவை எடுத்து ஆல்பம் அட்டையில் எழுதினாள். "நீ வந்தது 1.40. மிஷின் காட்டினது 1.35. அப்ப அதைப் போட்டது எத்தனை மணிக்கு?"

"12.05."

"நள்ளிரவு பதினாலு நிமிசம்னா?"

"பகல் 12.19." பேனாவை வாங்கி நானே எழுதினேன். "கடைசிப் பக்கம் 1.01."

"எஃப்1 அழுத்தணும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. முதல்முறையாக மைனியின் வழக்கம் எனக்கும் பயன்பட்டது. பூங்கனி கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

மணி 3.40.

மைனி லிஜியையும் சிலுவைதாசனையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. இங்க கொஞ்சம் கணக்குப் பாக்கணும்."

"நேரம் போவுதே அக்கா," என்றாள் லிஜி.

"போவட்டும் மக்கா. நான் விடமாட்டேன்."

அவர்கள் போனதும் மைனி பூங்கனியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் திரும்பினாள். "யார்னு தெரிஞ்சு போச்சு. அதனால காது வந்துருமா? டிஸ்கு மொத்தம் எம்பிடு?"

"298."

"என்னவெல்லாம் கெடக்கு? ஒவ்வொண்ணா சொல்லு."

ஆல்பங்கள் 128. புதுக் கல்யாணம் 46. சாஃப்ட்வேர் 12. "பின்ன, பாட்டு, சினிமா... ஒரு 21."

"கடை டிஸ்குல சினிமாவா?"

"மறைச்சுத்தான் வச்சிருக்கேன் மைனி."

காலி இடம் 34. அவள் கூட்டினாள். 241. அட்டையை என் பக்கம் திருப்பினாள். "மிச்சம் ஐம்பத்தேழு எங்கலே? ரேக்கு நெறஞ்சிருக்கு, ரிஜிஸ்டர்ல பேரைக் காணல. நீ சினிமாவை மறைச்ச மாதிரி வேற யாரும் மறைக்கப்பிடாதா?"

மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டும்படி மாற்றினேன். என் சினிமாக்கள் வெட்கமில்லாமல் எழுந்து வந்தன. அவற்றுக்குக் கீழே, 'டெக்ஸ்சர்' என்று இன்னொன்று. உள்ளே நாற்பத்தொரு ஃபைல்கள். பெயர் கிடையாது, 1, 2, 3 என்று எண்கள் மட்டும். ஒவ்வொன்றும் 1.4 ஜிபி. முதலாவது 2009 ஜூன். கடைசி, போன வாரம் புதன்கிழமை. போட் இடிபடுவதற்கு முந்தின நாள்.

"தெறக்காதீங்க அண்ணா," என்றாள் பூங்கனி.

நான் கையை எடுத்தேன். மைனி என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 4.20. நான் 41-ஐத் திறந்தேன்.

எங்கள் மிஷினுக்கு அது நாலு நிமிட வேலை. மேலிருந்து கட்டம் கட்டமாக வந்தது. முதலில் வட்டக்கோட்டையின் கல் சுவர். பிறகு கடல். பிறகு பட்டுப்புடவையில் பூங்கனி, கழுத்தில் மாலையோடு. பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு பையன். வெளிச்சம், நிழல், புடவையின் ஓரத்தில் காற்று, எல்லாம் அவ்வளவு துல்லியம். ஒட்டு எங்கே என்று எட்டு வருடத் தொழில்காரனான என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"இந்தப் பையன் யாருலே?"

தெரிந்தது. கபிரியேலின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். ஆல்பப் பக்கம் தேர்ந்தெடுக்க அவனோடு ஏழெட்டு தடவை கடைக்கு வந்தவன். தேவையில்லாமல் கூட நாலு தடவை வந்தவன்.

"முட்டத்துக்காரன். பிபின்."

மைனி கணக்கு எழுதிய அட்டையை மறுபடி தன் பக்கம் திருப்பினாள்.

"திங்கக்கிழமை இருபத்திரண்டு காலி. இன்னைக்கு முப்பத்துநாலு," என்றாள் மைனி மெதுவாக. "ஒருத்தரும் ஒண்ணும் எடுக்காம ரேக்குல இடம் ஒழியுமா ஜெபா? ஒரு பக்கத்துக்கு நானூறு எம்பி, முப்பது பக்கம், பன்னெண்டு ஜிபி. காலி இடம் கண்ணுல பட்டும் நீ ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருந்துட்டே." பிறகு திரும்பினாள். "கபிரியேலுக்க காதை அழிச்சது நீதான் பிள்ளே. தேதியைத் திருத்தக்கூட ஒனக்குக் கை வல்லே."

பூங்கனி மறுக்கவில்லை. "அந்தக் காது அவனுக்கு கெடையாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. பாத்த உடனே தெரிஞ்சு போச்சு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் அது அவனா இருந்துட்டுப் போட்டும்னு..." திரையில் நின்றவனைப் பார்த்தாள். "அவன் வீட்டுலயும் தெரியாது, எங்க வீட்டுலயும் தெரியாது. நான் யார்கிட்ட போய் அழ?"

நான் அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் இன்னொன்று கூடி வந்தது. இவளுடைய ஐம்பத்தேழு ஜிபியால்தான் டிஸ்க் நிரம்பியது. அதற்கு இடம் தேடித்தான் நான் ஊரையே அழித்தேன். மூன்று வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு பெண் நாற்பத்தொரு முறை கல்யாணம் பண்ணிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மைனி திரையைக் காட்டினாள். "எனக்கு இந்த சாஃப்ட்வேரு ஒண்ணும் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கேன். எக்கச்சக்கம் பேரு நிக்க கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கம் 440. ரெண்டு பேரு நிக்க இந்தப் படம் எதுக்கு 1400? இதுக்குள்ள வேற யாரு பிள்ளே நிக்கா?"

நான் பூங்கனியைப் பார்த்தேன். பிபினின் படம் அவளுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? கபிரியேல் கல்யாண ஒரிஜினலிலிருந்துதான். அவனை வெட்டி எடுத்திருந்தால் ஃபைல் சின்னதாக இருந்திருக்கும். ஃபோட்டோஷாப்பில் மாஸ்க் என்று ஒரு திரை உண்டு. வேண்டாததை வெட்டாமல் மூடி மட்டும் வைக்கும். வெட்டத் துணியாதவர்கள் செய்கிற வேலை.

5.10. பூங்கனி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. ஷிப்டை அழுத்திக்கொண்டு, பிபினின் அடுக்கில் இருந்த மாஸ்கின் மேல் ஒரு கிளிக்.

வட்டக்கோட்டை மறைந்தது. கடியபட்டணம் கோயில் வாசல் வந்தது. பிபினின் தோளில் கை போட்டுக்கொண்டு கபிரியேல். ஏதோ ஜோக்குக்குத் தலையை வலது பக்கம் எறிந்து சிரிக்கிறான். கடல்காற்று முடியைத் தூக்கிவிட்டிருந்தது. இடது காது பிளந்து, வெளுக்காமல், வெயிலில் பளிச்சென்று இருந்தது.

அவளே முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்தாள். முழுப் படத்தையும் கூட வைத்தாள். 5.24க்கு மெயில் போனது. அதற்குள் லிஜியும் சிலுவைதாசனும் வந்துவிட்டார்கள். லிஜி திரைக்குப் பக்கத்தில் போய் அந்தக் காதின் மேல் விரலை வைத்தாள். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவில்லை. மைனியும் சொல்லவில்லை, மற்றவர்களின் ஃபைலில் இருப்பதை வெளியே சொல்வது அவள் வேலையில் கிடையாது.

5.51. சிலுவைதாசனின் போன் அடித்தது. "ஆமா... ஆமா சாரே... கபிரியேலு... எழுதியாச்சா?" அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். லிஜி அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. நடுவில் சிரித்தாள், மறுபடி அழுதாள். மைனி அவளை அணைத்து வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

உள்ளே நாங்கள் இருவர். பூங்கனி மாஸ்கைத் திரும்பப் போட்டாள். கபிரியேலும் கோயில் வாசலும் மறைந்து, வட்டக்கோட்டையும் கடலும் வந்தன. அவள் நகரவில்லை.

காலையிலிருந்து கேட்ட கேள்விகளில் எனக்கு ஒன்றுக்கும் நேரான பதில் கிடைத்திருக்கவில்லை. இதற்கும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"முப்பது ஃபைலை அழிச்சியே. இந்த ஒரு ஃபோல்டரையும் அழிச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே பூங்கனி. ஏன் விட்டே?"

அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"எனக்ககிட்ட அவனுக்க படம் வேற இல்ல அண்ணா."